சனிக்கிழமைப் படகு

பிப்ரவரி 9, ஞாயிறு

படகுத்துறைக் காவலாளி காலையிலேயே போன் செய்தார். "அம்மா, உங்க போட்டு ஒரு பக்கமாச் சாஞ்சு நிக்குது. கொஞ்சம் வந்து பாருங்க." போட்டது போட்டபடி ஓடினேன்.

உள்ளே தரைப்பலகையைத் தூக்கினால் கருகருவென்று தண்ணீர், மேலே டீசல் படலம். அடியில் சேரும் தண்ணீரைத் தானாக இறைத்துக் கொட்ட ஒரு பம்ப் உண்டு. அதன் சுவிட்சில் பழைய துணி சிக்கி, வேலை செய்யாமல் கிடந்திருக்கிறது. எத்தனை நாளாகவோ. வாளியால் மொண்டு மொண்டு ஊற்றினேன். பக்கத்துப் படகுக்காரர் கைப்பம்பு கொண்டுவந்து கொடுத்தார். எந்நேரமும் தொப்பியோடு இருப்பதால் எங்கள் வீட்டில் அவருக்குத் தொப்பி என்றே பெயர். உதவியோடு உபதேசமும் வந்தது. "பழைய போட்டு தங்கச்சி. எவ்வளவு செஞ்சாலும் இன்னும் குடுன்னு வாயப் பொளந்துக்கிட்டுத்தான் நிக்கும். வித்துட்டு நிம்மதியா இருங்க."

எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு நீச்சல்கூடத் தெரியாது.

விவாகரத்தில், வக்கீல் அறையில் வீட்டை விற்றுப் பாதிப்பாதி என்று முடிவானபோது, படகு எனக்கு வேண்டும் என்று நான்தான் கேட்டேன். என் வீட்டுக்காரர் உயிரையே அதில் வைத்திருந்தார். பதினோரு வருஷம். சனிக்கிழமை என்றால் படகு, படகு என்றால் அவர். அதை எடுத்துக்கொண்டால் — என்ன நினைத்தேன்? சண்டை போடுவார் என்று. கெஞ்சுவார் என்று. எப்போதாவது அதைப் பார்க்கவாவது வருவார் என்று.

அவர் போனிலிருந்து நிமிரவில்லை. "எடுத்துக்கட்டும்" என்றார். பஸ்ஸில் மறந்த குடையைப் பற்றிச் சொல்வதுபோல.

பிப்ரவரி 10

நேற்று இரண்டு முறை குளித்தும் தலைமுடியில் டீசல் வாடை போகவில்லை. ஆஸ்பத்திரி லேபில் யாரும் பக்கத்தில் உட்காரவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கரையில் முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டார்கள். இரண்டு பட்டைகளில் கிரேன் அதைத் தூக்கியபோது நான் பார்க்கவில்லை. தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

தண்ணீருக்கு வெளியே எவ்வளவு பெரிது! எங்கள் கல்யாணத்தைவிட மூத்த படகு. வயிறு முழுக்கப் பாசி, அதன் மேல் சிப்பி, சிப்பி மேல் சிப்பி. டீசல் மெக்கானிக் சுற்றி வந்தார். பேசிக்கொண்டே இருப்பவர், நடுநடுவே வேலையும் செய்வார். தட்டிப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். "உசுரு இருக்கு மேடம்" என்றார்.

ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவளிடம் இப்படிச் சொல்லக்கூடாது. எங்கள் டாக்டர்கள் எப்போது இதைச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 22, சனி

எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் நிற்கும்.

எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்தண்ணீரை உறிஞ்சும் பம்பை மெக்கானிக் இன்று திறந்தார். உள்ளே ரப்பர் இறக்கைகளோடு ஒரு சிறு சக்கரம் இருக்க வேண்டும். இறக்கைகள் உதிர்ந்து குப்பையாக வந்தன. பிறகு படகின் அடியில் பதிக்கும் துத்தநாகக் கட்டிகள். உப்புத் தண்ணீர் அவற்றை அரிக்கும், புரொப்பல்லரை விட்டுவிடும், அதற்குத்தான் அவை. அவை இருந்த இடத்தில் வெறும் போல்ட் மட்டும் நின்றது.

"வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும் மேடம். இதுல ரெண்டு வருஷத்துக்கு மேல யாரும் கையே வைக்கல."

"இல்லையே. எங்க வீட்டுக்காரர் வாராவாரம் வந்து வேலை பாத்தாரே" என்றேன்.

அவர் சிரித்தார். விஷயம் தெரியாதவர், பாவம். "என்ன வேலை பாத்தாராம்? அங்க பாருங்க, எஞ்சின் மேல சிலந்தி குடும்பமே நடத்துது."

ஆமாம். எஞ்சினுக்கும் சுவருக்கும் நடுவே ஒட்டடை திரை மாதிரி தொங்கியது. ஸ்பானர் பெட்டி துருவில் இறுகித் திறக்கவே இல்லை.

"அவளோட போன வருஷம்தான் பழக்கம்" என்று வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரே.

பிப்ரவரி 23

சனிக்கிழமைதோறும் சாப்பாட்டு டப்பா கட்டிக் கொடுத்தேன். ரெண்டு வருஷமா. ரெண்டு பேர் சாப்பிடற அளவு வை, வேலை செஞ்சா பசிக்குதுன்னாரு. வச்சேன். நான்தான் வச்சேன்.

பிப்ரவரி 25

இன்னொன்றும் ஞாபகம் வந்துவிட்டது. முன்பெல்லாம் நகக்கண்ணில் கிரீசோடு வருவார், துவாலையெல்லாம் கறுப்பாகும், கத்துவேன். பிறகு சுத்தமான கையோடு வர ஆரம்பித்தார். "கையுறை போட்டுக்கிறேன், நீ திட்டறியே" என்றார். எனக்காக மாறியிருக்கிறார் என்று அன்றைக்கு அவருக்குப் பிடித்ததைச் சமைத்தேன்.

மார்ச் 1, சனி

தொப்பியிடம் நேராகவே கேட்டேன். அவர் ஒரு கயிற்றை அவிழ்த்தார், முடிந்தார், மறுபடி அவிழ்த்தார்.

"வந்து வண்டிய நிறுத்துவாரு தங்கச்சி. கொஞ்ச நேரத்துல இன்னொரு வண்டி வரும். அதுல ஏறிப் போயிருவாரு. சாயந்தரம் வந்து அவரு வண்டிய எடுத்துக்கிட்டுக் கிளம்பிருவாரு."

"ஏன்ணே எங்கிட்ட சொல்லல?"

"எப்படிம்மா சொல்றது? நீங்க ஒரு தடவை வந்தப்போ சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். நீங்க உங்க வீட்டுக்காரர் வெயில்ல ரொம்பக் கஷ்டப்படறாருன்னு தண்ணி பாட்டில் கொண்டாந்திருந்தீங்க."

அவர் மேல் கோபப்பட முயன்றேன். வரவில்லை. அவர் தொப்பியைக் கழற்றினார். வழுக்கை. இத்தனை வருஷத்தில் இன்றுதான் பார்க்கிறேன்.

மார்ச் 2

சுரண்டினேன். சிப்பி, பாசி, சுண்ணாம்பு. சுரண்டிக்கொண்டே இருந்தேன். மெக்கானிக் வந்து, "மேடம், அடியில ஃபைபர் தெரியுது, போதும்" என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

மார்ச் 12, புதன்

சிரித்தேன் இன்று. அதையும் எழுத வேண்டும்.

இடப்பக்க கியர் பாக்ஸிலிருந்து எடுத்த ஆயிலைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, லேபில் என் மேஜைத் தாங்கியில் நிறுத்தி வைத்திருந்தேன். பாலும் மண்ணும் கலந்த நிறம். தண்ணீர் கலந்திருந்தால் மெல்ல அடியில் பிரியும். புதிதாகச் சேர்ந்த பெண் அதைப் பார்த்து வெலவெலத்துப் போனாள்.

"மேடம், இது யாரோட சாம்பிள்? ஆளு உயிரோட இருக்காரா?"

"இழுத்துக்கிட்டிருக்காரு" என்றேன்.

"வயசு?"

"நாப்பத்தி மூணு. நீளம் முப்பத்தெட்டு அடி."

மத்தியானத்துக்குள் அடியில் தெளிந்த தண்ணீர் நின்றது. நாக்கில் வைக்கவில்லை, சத்தியமாக. ஆனால் அது கடல்தண்ணீர்தான்.

மார்ச் 15, சனி

கியர் பாக்ஸையே இறக்க வேண்டும் என்றார் மெக்கானிக். அதற்கு முன் ஆயிலைக் குளிர்விக்கும் கூலரைச் சோதித்துவிடலாமா என்று கேட்டேன், ஆயிலும் கடல்தண்ணீரும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுவது அங்கேதானே. கொஞ்சம் முறைத்தார். கழற்றி, ஒரு முனையை அடைத்து, காற்றழுத்தம் கொடுத்துத் தொட்டியில் அமிழ்த்தினோம். ஒரே இடத்திலிருந்து குமிழி குமிழியாக வந்தது.

அப்படி ஒரு சந்தோஷம். ஓட்டை கண்டுபிடித்ததற்கு இத்தனை சந்தோஷப்பட்டது இன்றுதான். வண்டியில் ஏறியதும் இதை யாரிடம் சொல்வது என்று யோசித்தேன். யோசிக்கும்போதே கை அவர் எண்ணுக்குப் போய்விட்டது. பழக்கதோஷம். வண்டியை ஓரம் கட்டி அழுதுவிட்டு வந்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

மகள் கூப்பிட்டாள். வேலை, அறைத்தோழி, புது செருப்பு. நடுவில் நான் சொன்னேன்: போன வருஷம் இல்லடி, அதுக்கும் முன்னாடியே. சனிக்கிழமையெல்லாம் அவர் படகுக்கே போகல.

லைன் போய்விட்டதோ என்று "ஹலோ, ஹலோ" என்றேன்.

"தெரியும்மா" என்றாள்.

எவ்ளோ நாளா?

"காலேஜ் கடைசி வருஷத்திலிருந்து. ஒரு கடையில ரெண்டு பேரையும் பாத்துட்டேன். அப்பா அழுதாரும்மா. நானே சொல்றேன், நீ சொல்லாதேன்னு —"

போனை வைத்துவிட்டேன்.

அப்போ வீட்ல மூணு பேர்ல ரெண்டு பேருக்குத் தெரியும். ஒரே மேஜை. ஒரே சோறு. நான் பரிமாறிக்கிட்டு இருந்திருக்கேன். அவ முகத்தப் பாத்துப் பாத்து வளத்தேனே, ஒரு நாள்கூடவா எனக்குத் தெரியல? இல்ல, தெரிஞ்சுக்க விருப்பமில்லையா?

மார்ச் 31

பதினேழு தடவை கூப்பிட்டிருக்கிறாள். எடுக்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

முன்தளத்தில் நடந்தால் ஓரிடத்தில் கால் மெத்தென்று அமுங்கும். இன்று வெட்டித் திறந்தோம். மேலே ஃபைபர், கீழே ஃபைபர், நடுவே இருந்த மரம் ஊறிப்போய் ஈரத்தூளாகிவிட்டது. கையால் அள்ளி வாளியில் போட்டேன். தொப்பி எட்டிப் பார்த்தார். வழக்கமாக வரும் "வித்துடுங்க" இன்று வரவில்லை. வாளியை வாங்கிப் போய்க் கொட்டிவிட்டு வந்தார்.

ஏப்ரல் 13

விரல் மடங்கவில்லை. ஊசி குத்தி ரத்தம் எடுக்கும்போது கை நடுங்குமோ என்று பயந்தேன். நடுங்கவில்லை. வேலையில் மட்டும் நடுங்குவதில்லை.

ஏப்ரல் 19, சனி

ஏணியில் நின்று தேய்த்துக்கொண்டிருந்தேன். கீழே யாரோ உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கும் சத்தம். மெக்கானிக்காக இருக்கும் என்று, "மேல அழுத்தாதீங்க, வட்டமாத் தேய்ங்க" என்றேன். குனிந்தால் மகள். பயணப்பை முதுகிலேயே இருந்தது.

இறங்கவில்லை. அவளும் ஏறவில்லை. அவள் கீழே, நான் மேலே. மத்தியானம் வரை தேய்த்தோம். இரண்டு பேர் தலையிலும் ஒரே வெள்ளைத்தூள்.

சாப்பிடும்போது அவள்தான் பேசினாள். "நான் சொல்லியிருந்தா அன்னிக்கே எல்லாம் முடிஞ்சிருக்கும்மா. சொல்லாத வரைக்கும் ஒரு வீடு இருக்குன்னு நெனச்சேன். ஒவ்வொரு லீவுக்கும் வர்றப்போ கதவத் தொறந்ததும் முதல்ல உன் முகத்தத்தான் பாப்பேன், உனக்குத் தெரிஞ்சிருச்சான்னு. தெரியலன்னதும் அப்பாடான்னு இருக்கும். அப்புறம் அப்படி இருந்ததுக்கே என்மேல அருவருப்பா வரும்."

"அந்த வயசுல உன் தலைல கொண்டுபோய் வச்சாரே" என்றேன்.

"கோபமா இருக்கியாம்மா?"

"இருக்கேன். சாப்பிடு."

ஏப்ரல் 20

மகள் ஊருக்குப் போய்விட்டாள். பஸ் ஏறுமுன் என் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். "ஐயோ, மரக்கட்டையாட்டம் ஆயிடுச்சேம்மா" என்று அதிலேயே முகத்தை வைத்துக்கொண்டாள். கோபம் முழுசாகப் போகவில்லை. ஆனால் பஸ் நகர்ந்ததும் பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்தேன்.

மே 3, சனி

படகைத் தண்ணீரில் இறக்கியாகிவிட்டது. இன்று பார்த்தேன், கண்ணை மூடவில்லை. பட்டைகள் தளர்ந்ததும் படகு ஒரு தடவை குலுங்கி நிமிர்ந்தது. உடனே எல்லோரும் உள்ளே ஓடி ஒவ்வொரு வால்வாக டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், கசிகிறதா என்று. கழிப்பறை வால்வில் கசிந்தது. மெக்கானிக் வருவதற்குள் நானே ஸ்பானரைப் போட்டு இறுக்கினேன். நின்றது.

பிறகு எஞ்சின். வலது பக்கம் உடனே பிடித்தது. இடது பக்கம் இருமியது, வெள்ளைப்புகை கக்கியது, அணைந்தது. "டீசல்ல காத்து இருக்கு" என்று மெக்கானிக் ஒரு நட்டைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றினார். மறுபடி. பிடித்தது! இரண்டும் சேர்ந்து ஓடுகையில் தரை காலடியில் அதிர்ந்தது. புகைக்குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சிப் பீய்ச்சி வெளியே வந்தது. மெக்கானிக் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மே 11

மகள் சொல்லியிருக்கிறாள் போல, படகு ஓடுகிறது என்று. அடுத்த சனிக்கிழமை வந்து பார்க்கட்டுமா என்று அவரிடமிருந்து செய்தி.

வாங்க என்று பதில் போட்டேன். அழித்தேன். மறுபடி போட்டேன்.

மே 16

உள்ளே திரைச்சீலை துவைத்துப் போட்டேன். கண்ணாடி துடைத்தேன். எஞ்சின் அறையில் உட்கார்ந்து சாப்பிடலாம், அப்படி இருக்கிறது. எதற்கு இத்தனை?

எதற்கென்று தெரியும். எஞ்சின் சத்தம் கேட்டால் அந்த மனிதரின் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். அந்த முகத்தை ஒரு தடவை. அதற்கப்புறம் என்ன என்று யோசிக்கவில்லை. பொய். யோசித்தேன்.

மே 17, சனி

வந்தார். மெலிந்திருக்கிறார். ஏறும்போது கைப்பிடியைத் தேடினார். அதை அவர்தான் பொருத்தினார், இருந்தாலும் தேடினார்.

எல்லாவற்றையும் காட்டினேன். கூலர், பம்ப், முன்தளம். எஞ்சினைப் போட்டேன். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றும் ஆகவில்லை. நன்றாக வளர்ந்திருக்கும் அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் தலையாட்டினார். "பெரிய வேலைதான். எதுக்கு இவ்ளோ கஷ்டப்பட்டே?"

"உங்களுக்கு உசுராச்சே" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது.

அவர் நெற்றியைத் தேய்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான். மெதுவாக, எனக்குப் புரிய வேண்டுமே என்பதுபோல்தான் சொன்னார்.

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல. வீட்ல இருக்க முடியல. எங்கயாவது போகணும். போறதுக்கு ஒரு இடம் வேணும்ல, அதுக்குத்தான் இது. முதல்ல இருந்தே அப்படித்தான்."

"முதல்ல இருந்தேவா?"

"நீ ஒண்ணும் தப்புப் பண்ணல. அத மட்டும் நெனச்சுக்காத."

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் போன பிறகு எவ்வளவு நேரம் ஓடியதோ. தொப்பிதான் வந்து எஞ்சினை நிறுத்தினார்.

மே 18

ரெண்டு வருஷம் போச்சுன்னுதான் நெனச்சேன். மத்த ஒம்போது வருஷத்தப் பத்திரமா வச்சிருந்தேன். அதையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.

மே 24

போகவில்லை.

மே 31

போகவில்லை. காவலாளி போன் செய்தார். பம்ப் ஓடுகிறதாம், படகு நேராக நிற்கிறதாம்.

ஜூன் 15, ஞாயிறு

விற்றுவிடலாம் என்று தொப்பியிடம் சொல்லியிருந்தேன். இன்று ஒருவரை அழைத்துவந்தார். கண்ணியமான மனிதர், மனைவியோடு வந்திருந்தார். "எப்படி இருக்கும், நல்லா ஓடுமா?" என்றார்.

ஓடும் என்று சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். நான் உட்காரவைத்துச் சொல்ல ஆரம்பித்தேன். இடது எஞ்சினின் வெப்பம் காட்டும் முள் வேலை செய்யாது, யாராவது கீழே இறங்கி வெப்பமானியைக் காட்டிப் பார்த்துவிட்டு வர வேண்டும். கழிப்பறை வால்வை நம்பக்கூடாது, வாரம் ஒரு தடவை திருப்பிவிட வேண்டும். பின்தளத்திலும் ஓரிடம் மெத்தென்று ஆரம்பித்திருக்கிறது. எதிர்க்காற்றில் வலதுபக்கம் இழுக்கும், கோபித்துக்கொள்ளக்கூடாது. அந்த மனைவி கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்ததை நானே பார்த்தேன். யோசித்துச் சொல்கிறோம் என்று ஓடியே போனார்கள்.

"ஏன் தங்கச்சி, விக்க வந்தீங்களா, விரட்ட வந்தீங்களா?" என்றார் தொப்பி.

தெரியவில்லை அண்ணே என்றேன். பின்தளத்தில் அந்த மெத்தென்ற இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். மழை வருவதற்குள் திறந்தாக வேண்டும்.

ஜூலை 5, சனி

படகை முதல்முறையாகத் துறைமுகத்துக்கு வெளியே கொண்டுபோனோம். மகள் சுக்கானில். மூன்று வாரமாகத் தொப்பியிடம் கற்றுக்கொள்ள வந்துபோகிறாள். அவர் இன்று கரையில் நின்று, காதில் விழாது என்று தெரிந்தும் கத்திக்கத்தி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு உயிர்காப்பு அங்கி, அதன் மேல் மகள் கட்டிய ஒரு கயிறு.

அலைதாங்கிச் சுவரைத் தாண்டியதும் படகு ஏறி இறங்க ஆரம்பித்தது. வெயில் தண்ணீர் முழுக்கச் சிதறிக் கிடந்தது. "அம்மா, இங்க பாரேன், இங்க பாரேன்" என்று குழந்தை மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தாள். அவ்வளவு அழகாக இருந்தது. இவள் அப்பா ஒரு தடவைகூட இதைப் பார்த்ததில்லையா? பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லையா? யாரைக் கேட்பேன்?

எஞ்சின் வெப்பத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கினேன். கதவைச் சாத்திக்கொண்டேன். இரண்டு எஞ்சினும் அலறும் அந்த இடத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது. நன்றாக, வாய்விட்டு, பெயர் சொல்லி அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வெப்பமானியை இடது எஞ்சினில் காட்டிப் பார்த்துவிட்டு மேலே வந்தேன்.

மகள் திரும்பிப் பார்த்தாள். என் கண்ணைப் பார்த்திருப்பாள். "எப்படி இருக்கும்மா?" என்றாள்.

"சூடாத்தான் இருக்கு. ஆனா ஓடும்."

"திருப்பட்டுமா? இல்ல, இன்னும் கொஞ்ச தூரம் போலாமா?"

போலாம் என்றேன்.